கடல் சூடேறும்போது கரையொதுங்கும் திமிங்கலங்கள்: கேரளக் கடற்கரை தரும் எச்சரிக்கை என்ன?

திருவனந்தபுரம்: தென்மேற்குப் பருவமழையின் பிற்பகுதி தொடங்கி நவம்பர் வரையிலான மாதங்களில், கேரளம் முதல் கோவா வரையிலான கடற்கரைகளில் திமிங்கலங்கள் கரையொதுங்குவது கடந்த பத்தாண்டுகளில் குறிப்பிடத்தக்க அளவு அதிகரித்துள்ளது. பெரும்பாலும் இறந்து, சிதைந்த நிலையிலேயே அவை கரை சேர்கின்றன. கூட்டம் கூடுகிறது, படங்கள் பகிரப்படுகின்றன, உடல் புதைக்கப்படுகிறது. அந்த உயிரினம் ஏன் இறந்தது என்ற கேள்வி பல நேரங்களில் உடலோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவது திமிங்கலங்களின் நலனுக்கு மட்டும் தேவைப்படுவதன்று. திமிங்கலம் தேடி வரும் அதே மீனை நம்பித்தான் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பூந்துறை, புல்லுவிளை, விழிஞ்சம் முதல் கன்னியாகுமரி வரையிலான கடலோரக் கிராமங்கள் வாழ்கின்றன. கடலின் வெப்பமும் நீரோட்டமும் மாறும்போது மீன் இடம் மாறுகிறது. மீன் இடம் மாறும்போது அதை நம்பியிருக்கும் அனைத்தும் தடுமாறுகின்றன.

பத்து மடங்கு உயர்வு

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், 2003 முதல் 2023 வரையிலான இருபது ஆண்டுத் தரவுகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2025ஆம் ஆண்டு வெளியாயின. 2004 முதல் 2013 வரை ஆண்டுக்குச் சராசரியாக 0.3 சதவீதமாக இருந்த திமிங்கலக் கரையொதுங்கல் விகிதம், 2014 முதல் 2023 வரையிலான காலத்தில் 3 சதவீதமாக, அதாவது பத்து மடங்காக உயர்ந்திருப்பதாக அந்த ஆய்வு தெரிவித்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஒன்பது திமிங்கலங்கள் கரையொதுங்கியது பதிவாகியுள்ளது.

கரையொதுங்கியவற்றில் பிரைட் திமிங்கலம் என்ற இனமே அதிகம். கேரளம், கர்நாடகம், கோவா ஆகிய மாநிலங்களின் கடற்கரைகளில் இந்த நிகழ்வுகள் கூடுதலாகப் பதிவாகின்றன. கடல் மேற்பரப்பு வெப்பநிலை, நீரில் உள்ள பச்சையத்தின் அளவு, இரை மீன்களின் நடமாட்டம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்கும் கரையொதுங்கலுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். கப்பல் போக்குவரத்து, மீன்பிடிப்பு, கடலடி இரைச்சல் ஆகியவையும் காரணங்களின் பட்டியலில் உள்ளன.

இந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள, இதே போன்றதொரு மாற்றம் மிகத் தெளிவாகப் பதிவான இன்னொரு கடற்கரையைப் பார்ப்பது உதவும்.

கலிஃபோர்னியா கடற்சிங்கங்களின் பாடம்

இந்தியக் கடற்கரையில் கடல்நாய்களோ கடற்சிங்கங்களோ வாழ்வதில்லை. 2019 நவம்பரில் இலங்கையின் தென்கரையில், உனவட்டுன அருகே, தென்துருவக் கடல்களைச் சேர்ந்த யானைக் கடல்நாய் ஒன்று தென்பட்டது இப்பகுதிக்கு மிக அரிய நிகழ்வு. ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தரையில் குட்டி ஈனுவதால் அவற்றின் எடை, பிறப்பு, இறப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் கணக்கெடுக்க முடிகிறது. கடலில் நேரும் மாற்றத்தை உடனுக்குடன் காட்டும் அளவுகோலாக அவை கருதப்படுவது இதனால்தான்.

2013 முதல் கலிஃபோர்னியா கரையில் எலும்பும் தோலுமான கடற்சிங்கக் குட்டிகள் வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கத் தொடங்கின. 2015ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட குட்டிகள் ஒதுங்கின. அவற்றில் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்கும் பருவத்தைக்கூடக் கடக்காதவை.

காரணம் நோய் அல்ல, பசி என்று ஆய்வுகள் காட்டின. அக்காலத்தில் வடகிழக்கு பசிபிக் பெருங்கடலில் மிகப் பரந்த பகுதி வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. அதைத் தொடர்ந்து வலுவான எல் நினோவும் வந்தது. இதனால் தீவுகளுக்கு அருகில் கிடைத்துவந்த மத்தி, நெத்திலி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்கள் குறைந்தன. தாய்க் கடற்சிங்கங்கள் இரைக்காக அதிகத் தொலைவு சென்றன. குட்டிகளிடம் திரும்ப அதிக நாள்கள் ஆயின. போதிய பால் கிடைக்காத குட்டிகள் வலுவிழந்த நிலையில் தாங்களே கடலில் இறங்கி, அலைகளால் கரையில் ஒதுக்கப்பட்டன.

வெப்பம் நேரடியாக அவற்றைக் கொல்லவில்லை. உணவு இருந்த இடத்தை மாற்றியது. அந்த மாற்றத்தின் விலையை, நீந்தித் தேட இயலாத குட்டிகள் கொடுத்தன.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. சில வகை நுண்பாசிகள் பெருகும்போது டொமோயிக் அமிலம் என்ற நரம்பு நச்சை உண்டாக்குகின்றன. பாசியை நெத்திலி உண்கிறது. நெத்திலியைக் கடற்சிங்கம் உண்கிறது. நச்சு மூளையைத் தாக்க, விலங்கு வலிப்பு கண்டு கரையில் விழுகிறது. 2023ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் தெற்கு கலிஃபோர்னியாவில் இத்தகைய நச்சுப் பெருக்கத்தால் ஏராளமான கடற்சிங்கங்களும் டால்பின்களும் பாதிக்கப்பட்டன. அங்கு இரண்டு காரணங்களையும் பிரித்தறிய முடிந்தது, ஒதுங்கிய விலங்குகளின் உடல்கள் முறையாகப் பரிசோதிக்கப்பட்டதால்தான்.

பருவமழையும் மேலெழும் நீரும்

கேரளக் கடலில் இந்தக் கதை வேறொரு வடிவில் நிகழ்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையை ஒட்டி வீசும் பருவக்காற்று, மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துகள் நிறைந்த நீர் மேலே வருகிறது. இந்த நிகழ்வு நாட்டின் தென்முனைப் பகுதியில் முதலில் தலைகாட்டி, பின்னர் வடக்கு நோக்கிப் பரவுகிறது.

மேலே வந்த சத்து நீரில், சூரிய ஒளியின் உதவியால் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. கடல்நீரின் பச்சைய அளவை உயர்த்துபவை இவையே. செயற்கைக்கோள்கள் அளப்பதும் இதைத்தான். மிதவை உயிர்களை உண்ண மத்தியும் நெத்திலியும் திரள்கின்றன. அவற்றைத் தேடித் திமிங்கலங்களும் டால்பின்களும் கரைக்கு அருகே வருகின்றன.

பிரைட் திமிங்கலம் பல்லற்ற இனம். வாயை அகலத் திறந்து மீன் கூட்டத்தை நீரோடு சேர்த்து அள்ளி, நீரை வடிகட்டி வெளியேற்றி உண்பது அதன் வழக்கம். பெரும்பாலான பெருந்திமிங்கலங்கள் துருவக் கடல்களுக்கும் வெப்பக் கடல்களுக்கும் இடையே வலசை செல்பவை. பிரைட் திமிங்கலமோ ஆண்டு முழுவதும் வெப்பக் கடல்களிலேயே வாழ்கிறது. எனவே உள்ளூர்க் கடலில் ஏற்படும் மாற்றத்திலிருந்து விலகிச் செல்ல அதற்கு வாய்ப்புக் குறைவு.

இரை கரையோரத்தில் குவியும் காலத்தில் திமிங்கலமும் கரையோரத்துக்கு வருகிறது. அதே இடத்தில்தான் வலைகளும் படகுகளும் கப்பல்களும் உள்ளன. ஆழம் குறைந்த நீரில் திசை தவறினால் மீள்வதும் கடினம். பருவகாலத்தில் காற்றும் நீரோட்டமும் கரையை நோக்கி இழுக்கும்போது, கடலில் எங்கோ இறந்த உடலும் கரை சேர்கிறது.

மத்தி மீன் சொல்லும் கணக்கு

கேரளத்தின் தென்பகுதியிலும் தமிழகத்திலும் சாளை என்று அழைக்கப்படும் மத்தி மீன், கடல் மாற்றத்துக்கு எவ்வளவு விரைவாக எதிர்வினை புரிகிறது என்பதை மீன்பிடிப்புக் கணக்குகளே காட்டுகின்றன. 2012ஆம் ஆண்டில் கேரளத்தில் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி பிடிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அது வெறும் 3,297 டன்னாகச் சரிந்தது. 2015ஆம் ஆண்டின் எல் நினோவும், அதனால் கடலில் ஏற்பட்ட மாற்றங்களும் சரிவுக்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. குஞ்சு மீன்களைப் பிடித்ததும் அதை மோசமாக்கியது. 2023ஆம் ஆண்டில் மத்தி வரத்து மீண்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது.

இந்த ஏற்ற இறக்கத்தின் பொருள், மத்தி இல்லாத ஆண்டில் மீனவரின் அடுப்பு எரியாது என்பது மட்டுமன்று. ஒரே மீனைத் தேடும் படகும் திமிங்கலமும், மீன் குறையும்போது எஞ்சியிருக்கும் அதே சிறு பரப்பில் எதிர்ப்பட நேரிடுகிறது. மீன் பெருகும்போதும் இரண்டும் கரைக்கு அருகே கூடுகின்றன. எனவே, மத்தி குறைந்தால் திமிங்கலம் ஒதுங்கும், கூடினால் ஒதுங்காது என்று நேர்க்கோட்டுக் கணக்குப் போட இயலாது. எப்போது, எங்கே மீன் திரளும் என்பதன் ஒழுங்கு குலைவதே சிக்கலின் மையம்.

சூடேறும் இந்தியப் பெருங்கடல்

இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950 முதல் 2020 வரை சராசரியாக 1.2 டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்துள்ளதாக, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான ஆய்வு தெரிவிக்கிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் மிதவைத் தாவரங்கள் 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று அவரது குழு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறியது.

மேற்பரப்பு நீர் சூடாகும்போது அது லேசாகி, கீழேயுள்ள குளிர்ந்த நீரின் மீது ஒரு மூடியைப் போலப் படிகிறது. அந்த மூடி தடித்தால் ஆழத்துச் சத்துகள் மேலே வருவது தடைப்படுகிறது. உணவுச் சங்கிலியின் முதல் கண்ணியே தளர்ந்துவிடுகிறது.

இதோடு கடல் வெப்ப அலைகளும் சேர்ந்துள்ளன. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பருவத்துக்கு வழக்கமான வெப்பநிலையை மிகவும் மீறிய வெப்பம் குறைந்தது ஐந்து நாள்கள் நீடித்தால் அது கடல் வெப்ப அலை எனப்படுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 20 நாள்களாக இருந்த இந்நிலை, கரியமில வாயு வெளியேற்றம் கட்டுப்படுத்தப்படாவிட்டால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 220 முதல் 250 நாள்களாக உயரக்கூடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. 2023 அக்டோபர் முதல் நீடித்த வெப்ப அலையால் லட்சத்தீவுப் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024ஆம் ஆண்டில் பதிவு செய்தது.

எல்லாவற்றுக்கும் வெப்பம்தான் காரணமா?

இல்லை என்பதற்குத் தமிழகக் கரையிலேயே சான்று உள்ளது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, ஆலந்தலை பகுதிகளில் குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலங்கள் 80க்கும் மேற்பட்டவை கூட்டமாக ஒதுங்கின. மீனவர்களும் அதிகாரிகளும் இரவு பகலாகப் போராடி அவற்றைக் கடலுக்குள் தள்ளினர். தள்ளப்பட்டவற்றில் சில மீண்டும் கரைக்கே திரும்பின. 40க்கும் மேற்பட்டவை இறந்தன.

அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியுள்ளன. கடல் வெப்பமயமாதல் பேசப்படாத காலம் அது. பைலட் திமிங்கலங்கள் தாய்வழிக் குடும்பங்களாகப் பிணைந்து வாழ்பவை. ஒன்று திசை தவறினாலோ நோயுற்றாலோ மற்றவை அதைவிட்டுப் பிரிவதில்லை. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் 100க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர் மக்களும் விடிய விடியப் பாடுபட்டுப் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினர்.

கைப்பேசியும் சமூக வலைதளமும் பரவிய பின், முன்பு யாரும் அறியாமல் போன நிகழ்வுகளும் பதிவாகின்றன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எண்ணிக்கை உயர்வின் ஒரு பகுதி, கவனிப்பு உயர்ந்ததன் விளைவாகவும் இருக்கக்கூடும்.

விழிஞ்சம் கடலில் இரண்டு ஒலிகள்

விழிஞ்சம் அருகே கடலடியில் வைக்கப்பட்ட ஒலி உணரிக் கருவிகளில் நீலத் திமிங்கலத்தின் குரல் பதிவானதாக 2021ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கடல் பாலூட்டிகள் ஆய்வாளர் திபானி சுதாரியாவும் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறையினரும் இந்தப் பணியில் ஈடுபட்டனர். உலகின் மிகப் பெரிய விலங்கு திருவனந்தபுரத்துக்கு இவ்வளவு அருகே கடந்து செல்கிறது என்பதற்கு அது சான்றானது.

அதே விழிஞ்சத்தில் 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தடைந்தது. 2025 மே 2ஆம் தேதி துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சர்வதேசக் கப்பல் தடத்துக்கு மிக அருகில் இருப்பதே இத்துறைமுகத்தின் வலிமை. ஒலியால் இரை தேடி, ஒலியால் இணை தேடி வாழும் விலங்குகளுக்கு அதே அண்மை புதிய சுமையாகவும் அமையக்கூடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. இலங்கையின் தென்முனைக்கு அப்பால் நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் பகுதியைத் தவிர்க்க, எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து தனது கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே விலகிச் செல்லச் செய்தது. இரை எப்போது, எங்கே திரளும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், அக்காலத்தில் மட்டும் வேகத்தைக் குறைப்பதும் தடத்தை மாற்றுவதும் இங்கும் இயலும்.

உடல் புதைவதற்கு முன் தேவைப்படும் விடை

ஒதுங்கிய திமிங்கலம் பசியால் இறந்ததா, கப்பல் மோதியதா, வலையில் சிக்கி மூச்சுத் திணறியதா, நச்சு அல்லது நோயா என்பதைத் தோலடிக் கொழுப்பின் தடிப்பு, எலும்பு முறிவு, வயிற்றில் உள்ள இரை, திசு மாதிரி ஆகியவையே காட்டும். வெப்பக் கரையில் உடல் ஓரிரு நாளில் அழுகிவிடுவதால், தகவல் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு சான்றை அழிக்கிறது.

மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் கடல்வாழ் பேருயிர்கள் கரையொதுங்கும்போது கையாள வேண்டிய வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நிகழ்நேரக் கண்காணிப்பு, மண்டல அளவிலான எச்சரிக்கை அமைப்பு, பொதுமக்கள் பங்கேற்கும் தகவல் வலையமைப்பு ஆகியவை தேவை என்று மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வும் பரிந்துரைத்துள்ளது.

இவற்றில் மீனவர்களின் பங்கு முதன்மையானது. திருவனந்தபுரம் கரையில் கரைமடி வலைகளில் சிக்கிய திமிங்கலச் சுறாக்களை, வலையை அறுத்து மீனவர்களே விடுவித்த நிகழ்வுகள் பல முறை பதிவாகியுள்ளன. அறுக்கப்படும் வலை அவர்களின் முதலீடு. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் திட்டத்தை மகாராஷ்டிரம் 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. தகவல் தந்தால் இழப்பு நேராது என்ற உறுதி கிடைக்கும் இடத்தில்தான் தகவலும் வரும்.

கரையில் காண்பவர் செய்ய வேண்டியவை

திமிங்கலம், டால்பின் இனங்கள் அனைத்தும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைத் துன்புறுத்துவதும் உடல் பாகங்களை எடுப்பதும் குற்றம்.

உயிருடன் ஒதுங்கிய விலங்கைக் கண்டால் உடனடியாக வனத்துறைக்கோ கடலோரக் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். உதவி வரும்வரை ஈரத் துணியால் மூடி, நிழல் அமைத்து, உடலை நனைத்துக்கொண்டே இருக்கலாம். தலையின் மேலுள்ள மூச்சுத் துளையில் நீரோ மணலோ துணியோ படக்கூடாது. வாலையோ துடுப்பையோ பிடித்து இழுப்பது எலும்புகளைப் பிசகச் செய்யும். கூட்டத்தையும் நாய்களையும் விலக்கி வைப்பது அவசியம்.

இறந்த உடலாயின் தொடுவது ஆபத்து. நோய்க்கிருமிகள் பரவலாம், உள்ளே வாயு திரண்ட உடல் வெடிக்கவும் கூடும். இடம், நாள், நேரம், நீளம் ஆகியவற்றைக் குறித்து, முழு உடலும் தலைப்பகுதியும் தெரியும்படி படம் எடுத்து அதிகாரிகளுக்கு அளித்தால் அதுவே ஆய்வுக்கு உதவும் பதிவாகும். கடற்சிங்கக் குட்டிகள் ஏன் பசித்து இறந்தன என்று கலிஃபோர்னியா அறிந்துகொண்டது, கரையில் கண்ட ஒவ்வோர் உடலும் இவ்வாறு கணக்கில் வந்ததால்தான்.